தோர்ன்பிக்கு விட்ட அரை அங்குலம்

போன சனிக்கிழமை ரொறன்ரோவின் வோபர்னில் இந்திராக்காவிடம் சேலைச் சட்டை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். வீட்டின் பேஸ்மென்றில்தான் தைக்கிறார். படியிறங்கும்போதே புதுத்துணியின் கஞ்சி மணமும் தையல் மெசினுக்கு விடும் எண்ணெயின் மணமும் சேர்ந்து வரும். அந்த எண்ணெய் மணத்துக்கு நான் படியிலேயே ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். முழங்கால் நோவாக்கும் என்று இந்திராக்கா கை தர வருவார். முழங்கால் நோவும் இருக்கிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை.

இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். வந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் கொப்பியில் மட்டும் எழுதினார். அது அவருடைய நல்ல குணம். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உள்ளுக்கு எவ்வளவு விட, பிள்ளை?"

தையலுக்கு உட்புறமாகக் கொஞ்சத் துணியை மிச்சம் விட்டுத் தைப்பதைத்தான் கேட்கிறார். பின்னாளில் உடம்பு வைத்தால் பிரித்துப் பெருப்பிக்கலாம். என் சட்டைகள் எல்லாம் அந்த மிச்சத்தை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிளின் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கமுடியாமல் போகும். இருமுவதுபோல நடித்து இத்தனை வருடமாகச் சமாளித்திருந்தேன். அன்றைக்குச் சமாளிக்கமுடியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருந்தோம். மரக்கறி பொதிசெய்யும் தொழிற்சாலையில் கரட் கழுவிக் கழுவி என் விரல்கள் வெளிறிப்போயிருந்த காலம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், கராஜ்களும் கண்ணாடிக் கடைகளும் நிறைந்த ஒரு சந்துக்குள் தட்டெழுத்து வேலைக்கு ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள். உள்ளே போனால் ஒரு பட்டறை. மூலையில் மேசை. கோர்டன் என்ற அறுபது வயது வெள்ளைக்காரர் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார். தட்டெழுத்துத் தெரியுமா என்றார், தெரியும் என்றேன். மோட்டார் சைக்கிளைப் பற்றித் தெரியுமா என்றார். அண்ணனுடையதிலிருந்து இரண்டு தரம் விழுந்திருக்கிறேன் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

கோர்டன் தகர வேலைக்காரர். முப்பது வருடம் கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் அடித்தவர். அவருடைய அப்பா இங்கிலாந்தில் தோர்ன்பி மோட்டார் சைக்கிள் செய்த தொழிற்சாலையில் வேலை பார்த்தாராம். தொழிற்சாலை மூடியதும் குடும்பம் கனடாவுக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற்றபின் கோர்டன் அந்தத் தோர்ன்பியைத் திரும்ப உயிர்ப்பிக்கப் புறப்பட்டார். அவர் சட்டப்படி வாங்கியது பெயரை மட்டும்தான். வரைபடங்களை எல்லாம் என்றைக்கோ குப்பையில் போட்டிருந்தார்கள். வெறும் பெயரை வைத்துக்கொண்டு அதற்கு உடம்பு தேடிய மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் வேலை கடிதங்களுக்குப் பதில் போடுவது. இங்கிலாந்தில் பழைய தோர்ன்பி வைத்திருந்தவர்களுக்கு, பெயர் கனடாவுக்குப் போனது பெரிய அவமானம். கள்ளன், தகரக்காரன் என்று எழுதுவார்கள். நான் மரியாதையாக, 'அன்புள்ள ஐயா, தங்கள் கடிதத்துக்கு நன்றி' என்று தட்டுவேன். ஒரு கிழவர் ஏழு கடிதம் போட்டார், ஏழுக்கும் நன்றி சொன்னேன். கோர்டனுக்கு வேண்டியிருந்தது வெப்ப நாடுகளுக்கென்று செய்த ஒரு மாதிரி, பெரிய பெற்றோல் தாங்கி வைத்தது. அதை வைத்திருந்தவர்கள் அளவெடுக்கக் கிட்டவும் விடவில்லை. சுவரில் அதன் படம் ஒன்றை ஆளுயரத்துக்குப் பெருப்பித்து மாட்டியிருந்தார். காலையில் கோப்பியோடு அதன் முன்னால் போய் நிற்பார்.

ஒருநாள் பக்கத்து சைலன்சர் கடையிலிருந்து ஒரு குழாயைக் கொடுக்க வந்தவர் தவம் அண்ணை. யாழ்ப்பாணத்தவர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குழாயைத் தோளிலிருந்து இறக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது எங்கடை வீட்டை நிக்குது," என்றார் என்னிடம்.

கோர்டனுக்கு மொழிபெயர்த்தேன். இதேபோல ஒன்று என்கிறாரா, இதுவே என்கிறாரா என்று கேட்டார்.

"உதே தான். அப்பா வாங்கினது. நான் ஓடுறனான். இப்பவும் ஓடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மண்ணெண்ணெய்யிலை," என்றார்.

கோர்டன் உட்கார்ந்துவிட்டார். போர்த் தடையால் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. நாலு துளி பெற்றோலைச் சொட்டவிட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். இதை நான் சொல்லச் சொல்ல கோர்டன் வாயைத் திறந்தபடி கேட்டார். அவர் மறுபிறவி கொடுக்க நினைத்த வண்டி எங்கள் ஊரில் சாகவே இல்லை. இப்போது யார் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டார்.

"மனிசி. கிழமைக்கொருக்கால் உதைச்சு ஸ்ரார்ட் பண்ணி வைப்பா."

அடுத்த திங்கள் தவம் அண்ணை எங்களோடு வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஆனால் எஞ்சின் சாமான்களின் பெயர் அத்தனையும் தெரியும். ஒரே மாதத்தில் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லாமல் போனது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

பழைய பாகங்களைத் தேடி எடுத்து எஞ்சினைத் தவம் அண்ணை பூட்டினார். தாங்கியைக் கோர்டன் தன் கையாலேயே அடிப்பதாக இருந்தது, ஆனால் அளவு வேண்டும். மோட்டார் சைக்கிளின் மேலே கடதாசியை வைத்து அளவு வெட்டி அனுப்பு என்று தவம் அண்ணை மனைவிக்கு எழுதினார். மனைவி தையற்காரி, இந்திரா. ஆம், என் சட்டை தைக்கிற இந்திராக்காதான்.

நாலு மாதம் கழித்து, கொழும்பு வழியாக வந்த ஒரு அம்மாவின் கைப்பையில் பொதி வந்து சேர்ந்தது. பிரித்தால் பழைய பத்திரிகைத் தாளில் வெட்டிய சட்டை அளவுகள். 'முதுகு', 'முன்பக்கம் இடது', 'முன்பக்கம் வலது' என்று ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதியிருந்தது. தவம் அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"என்ரை சட்டை அளவு அனுப்பியிருக்கிறன். நல்ல துணியாப் பாத்துத் தைப்பியுங்கோ. முதுகிலை மூடி வைக்கிற வட்டத்தை மறக்கவேண்டாம்," என்று எழுதியிருந்தது.

சட்டையின் முதுகில் மூடியா என்று நான் கேட்டேன். தவம் அண்ணை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு 'முதுகு' என்ற தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் வட்டமாக ஓட்டை. பெற்றோல் விடும் வாய்.

எஞ்சின் சம்பந்தமான படம் எதையாவது கொண்டு சோதனைச் சாவடி தாண்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொண்டுவந்த அம்மாவின் பாடும் அதோகதிதான். அதற்காகத்தான் தாங்கியைச் சட்டையாக்கி அனுப்பியிருந்தார். வளைவு வரும் இடமெல்லாம் சட்டைக்குப் பிடிப்பதுபோல மடிப்புக் கோடுகள். கோர்டனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தகரக்காரரும் கடதாசியில் வெட்டித்தானே தொடங்குவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்தப் பெண்ணை நான் சந்திக்கவேண்டும் என்றார். அந்த நிமிடம் இரண்டு பேர்மேலும் எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

வசந்தகாலத்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் மோட்டார் சைக்கிள் கண்காட்சி. பணம் போட யோசித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே வந்து பார்த்து முடிவு சொல்வார்கள். அங்கே சரிவராவிட்டால் அடுத்த குளிர்காலத்தைப் பட்டறை காணாது என்று கோர்டன் எங்களிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தாங்கியை முடித்து வண்டியில் வைத்தார். அது பொருந்தி இருக்கவில்லை. சுற்றிவர அரை அங்குலம் பெரிது.

கோர்டன் மூன்று தரம் அளந்தார். கடதாசியில் பிழை என்றார்.

"அவள் அளவிலை பிழை விடமாட்டாள்," என்றார் தவம் அண்ணை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நான் அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா எனக்குச் சட்டை வெட்டும்போது ஓரத்தில் விடுவது ஞாபகம் வந்தது. "அண்ணை, அக்கா தையலுக்கு விட்டிருப்பா," என்றேன்.

பழக்கதோசம். தையற்காரியின் கத்தரிக்கோல் இரும்புக்கும் அரை அங்குலம் விட்டிருக்கிறது. தகரக்காரரின் கை, ஒட்டி மடிக்க வேண்டுமே என்று தன் பங்குக்கு இன்னொரு அரை அங்குலம் விட்டிருக்கிறது. அவர் விட்டது மடிப்புக்குள் போய்விட்டது, அக்கா விட்டது வெளியே மிஞ்சிவிட்டது. கோர்டனுக்கு அதைச் சொன்னதும் தலையில் கை வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், நிறுத்தவே இல்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து, தாள்களில் சுற்றிவர அரை அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போட்டார். அடுத்த தாங்கியை இந்தக் கோட்டில் வெட்டலாம், இதற்கு இனி நேரமில்லை என்றார். தாங்கிக்கு ஏற்றமாதிரித் தவம் அண்ணை வண்டியில் அதைத் தாங்கும் இரும்புப் பிடிகளை வெட்டி அகட்டினார். ஒன்பது நாளும் வீட்டுக்குப் படுக்க மட்டும்தான் போனார்.

கண்காட்சியில் அது கறுப்பும் தங்கக்கோடுமாக நின்ற நிற்பை என்னால் மறக்கமுடியாது. ஏழு கடிதம் போட்ட கிழவர் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார், திட்டுவதற்கென்றே. குனிந்தார், தாங்கியை உள்ளங்கையால் ஒருதரம் தடவினார். இவ்வளவு சரியான தோர்ன்பித் தாங்கியைப் பார்த்து நாற்பது வருடமாகிவிட்டது, ஊரில் இருப்பதெல்லாம் திருத்தித் திருத்தி மெலிந்துபோனவை என்றார்.

"என்னவாம்?" என்றார் தவம் அண்ணை. சொன்னேன். அவரும் தாங்கியை ஒருதரம் தடவினார். பிறகு, "சட்டை அச்சொட்டாப் பொருந்தினது எண்டு இந்திராவுக்கு எழுதப்போறன். அரை இஞ்ச் கதை எங்களோடை இருக்கட்டும், பிள்ளை. அவள் உசிரைக் குடுத்து வெட்டின துண்டு," என்றார்.

பணம் போட வந்தவர்களும் தடவிப் பார்த்தார்கள், சான்ட்விச் சாப்பிட்டார்கள், கைகுலுக்கினார்கள். பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. கோடை முழுக்க நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். முதல் பனி கொட்டிய கிழமை பட்டறையைப் பூட்டினோம். பெயரை வாங்கிய யாரோ ஒருவர் வண்டியையும் மரப்பெட்டியில் அடைத்துக்கொண்டு போனார். கடைசி நாள் கோர்டன் தவம் அண்ணையிடம் கொடுத்தது அந்தப் பத்திரிகைத் தாள்களை.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, இந்திராக்கா மண்ணெண்ணெய் தீர்ந்த தோர்ன்பியில் தையல் மெசினைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனாராம். நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலில் முடியாமல் போக, மெசினின் தலையை மட்டும் கழற்றித் தூக்கிக்கொண்டு வண்டியையும் மற்றதையும் அங்கேயே விட்டுவிட்டார். இரண்டு வருடம் கழித்து ரொறன்ரோ வந்து இறங்கினார். விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். காரில் ஏறியதும் அவர் கேட்டது இதைத்தான்: "துண்டுகள் சரியா இருந்ததே?"

"அச்சொட்டு," என்றார் தவம் அண்ணை. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது குளியலறைத் தரைக்கற்கள் விற்கிறார்கள். கோர்டன் இல்லை. போன வருடத்துக்கு முதல் வருடம் தவம் அண்ணையும் போய்விட்டார். பாலத்தடியில் நின்றதை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. மரப்பெட்டியில் போனது எந்தக் கொட்டிலில் கிடக்கிறதோ. சிவப்புக் கோட்டில் வெட்டவிருந்த இரண்டாவது தாங்கியை யாரும் அடிக்கவில்லை.

போன சனிக்கிழமை "உள்ளுக்கு எவ்வளவு விட" என்று கேட்டுவிட்டு, நான் இருமி முடிக்கும்வரை இந்திராக்கா பொறுத்திருந்தார். பிறகு வெட்டும் மேசையின் லாச்சியைத் திறந்து அந்தத் தாள்களை எடுத்து விரித்தார். தவம் அண்ணையின் ஸ்பனர் கிடந்த ஆயுதப் பெட்டியை ஒதுக்கும்போது கிடைத்ததாம். தாள் தவிட்டு நிறமாகி ஓரம் உதிர்ந்தது. சிவப்புக் கோடு மட்டும் மங்கவில்லை.

"இந்தக் கோடு ஆர் போட்டது?"

"கோர்டன்."

தையற்காரிக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஓரத்துக்கும் கோட்டுக்கும் இடையில் நாடாவை வைத்துப் பார்த்தார். என் தொண்டையில் இருமல் கூட வரவில்லை.

"எத்தினை தரம் கேட்டிருப்பன். ஆஸ்பத்திரியிலை படுத்திருக்கேக்கையும் கேட்டனான். அச்சொட்டு எண்டார்." தாள்களை ஒவ்வொன்றாக மடித்தார். "இந்த மனிசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது எண்டெல்லே நான் இருந்தனான்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டுச் சோக்கட்டியை எடுத்தார். என் துணியில் அரை அங்குலம் தள்ளிக் கோடு போட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதை அழித்து ஒரு அங்குலமாகப் போட்டார்.