நோயாளி இல்லாத ஊர்

என் ஓரகத்திக்கு எழுத்து தெரியாது. மாத்திரை அட்டை கைக்கு வந்ததும் அதன் மேடுகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவுவாள். பெரிய மேடு சர்க்கரைக்கு, சின்னது பிரஷருக்கு, நீளமானது தன் மகளுக்கு. ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், ஒரு தடவைகூட மாறியதில்லை.

மகளுக்கு ஏழு வயதில் வலிப்பு வந்தது. அந்த நீள மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று உள்ளே போய்விட்டால் அவள் மற்றப் பிள்ளைகள் மாதிரிதான். பள்ளிக்கூடம் போவாள், என்னோடு வம்புக்கு நிற்பாள். மாத்திரை தவறினால் நின்ற இடத்தில் விழுவாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அதனால் மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் மருத்துவ வண்டிதான் எங்களுக்கு ஆஸ்பத்திரி. டாக்டர், நர்சம்மா, டிரைவர், மூன்றே பேர்.

இங்கே முக்கால்வாசிப் பேருக்குக் கல்குவாரியில் வேலை. ஓரகத்தி மட்டும் மகளை விட்டு நகர முடியாமல் வீட்டோடு இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வண்டியில் ஒரு மெஷின் வைத்தார்கள். விரலை வைத்துப் பச்சை விளக்கு எரிந்தால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு. கல் உடைக்கிற விரலில் ரேகை எங்கே இருக்கும்? சிவப்புதான் எரிந்தது.

"நீ ஒரு ஆளே இல்லைங்குது பாரு மெஷினு" என்று ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்தார்கள். ஆனால் அரைநாள் வேலையை விட்டு வந்து அப்படி நிற்க யாருக்கு மனசு வரும்? மருந்து நோட்டை ஓரகத்தியிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள்.

அவளும் முப்பது வீட்டு நோட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டு போவாள். நர்சம்மா இரக்கமுள்ளவள். ஒவ்வொரு நோட்டுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு, ஓரகத்தியின் ஒரு விரலை மட்டும் வைக்கச் சொல்வாள். ஊரே அவளை மாத்திரைக்காரி என்று கூப்பிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நானும் துணைக்குப் போவேன். அஞ்சாவதோடு நின்றவள் என்றாலும் எண் தெரியும். அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மெஷின் ஓரத்தில் காட்டும். முதலில் இருபது. பிறகு பன்னிரண்டு. பிறகு ஆறு. எனக்கு அது சரியாகப் படவில்லை. டாக்டர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வருடம் டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார். "மாத்திரைக்காரம்மா, இனிமே இந்த ஊருக்கு வண்டி கிடையாதாம். இங்க நோயாளியே இல்லைன்னு மேல எழுதிட்டாங்க."

"நோயாளி இல்லையா? அப்ப கூடையில கிடக்குறது என்ன, கத்திரிக்காயா?"

"என்கிட்ட கோவிச்சு என்ன செய்ய? அடுத்த மாசம் ஒரு தடவை வருவோம். நாப்பது விரல் விழுந்தா நிறுத்த மாட்டாங்க."

அன்றிலிருந்து அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தினமும் விரலில் எண்ணெய் பூசவேண்டும், துணி சுற்றிக்கொண்டுதான் சுத்தியல் பிடிக்கவேண்டும், அப்போதுதான் ரேகை திரும்பும் என்றாள்.

"ஏன் மாத்திரைக்காரி, இந்த விரலை வறுக்கவா பொரிக்கவா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வாயை மூடிக்கிட்டுப் பூசுங்க. இந்தத் தடவை விட்டா உங்க பிரஷருக்கு யாரு மாத்திரை தருவா?"

அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பத்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். நர்சம்மா ஒவ்வொரு விரலையும் பஞ்சால் துடைத்துத் துடைத்து வைத்தாள். சிவப்பு. இன்னொரு விரல். அதுவும் சிவப்பு. பக்கத்து வீட்டுக்காரரின் பத்து விரலும் சிவப்பு. கடைசியில் பச்சை எரிந்தது பதினேழு பேருக்குத்தான்.

ஓரகத்தி நர்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை பேரு நிக்கிறோமே, உங்க கண்ணுக்குத் தெரியுதில்ல? அதை எழுதிக் குடுங்களேன்."

"போன தடவையே எழுதினேன்க்கா. மெஷின்ல வந்ததைத்தான் எடுத்துக்குவாங்களாம்."

நர்சம்மா இரண்டு மாத மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். அது தீர்ந்த வாரம் குவாரிக்காரன் ஒருத்தன் தெருவில் வைத்துச் சொன்னான். "நீ கூடையைத் தூக்காம இருந்திருந்தா நாங்களே போயிருப்போம். வண்டியும் நின்னிருக்காது."

அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "நான் செஞ்சது தப்பா தங்கச்சி?"

"இல்லக்கா" என்றேன். அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததை நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பதினைந்து நாளைக்குத்தான் மாத்திரை தருகிறார்கள், மகளையும் நேரில் கூட்டிவரச் சொல்கிறார்கள். போன தடவை அவள் பஸ்ஸிலேயே விழுந்தாள். பதினாறு வயதாகிறது. பாதி நாள் மாத்திரை இல்லாமல் வாரத்தில் இரண்டு மூன்று முறை வலிப்பு வருகிறது. அடுப்படியில் விழுந்ததில் இடது கை வெந்துபோனது. பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம் கைகால் விளங்காமல் படுத்துவிட்டார். வண்டி வருவதில்லை.