ஜெயவேலின் கண்ணில் அடர்ந்த புட்டா

பொறாமை என்பது என்னவென்றே ஆரணி தனசேகரனுக்கு ஐம்பத்திரண்டு வயது வரை தெரியாது. மச்சான் ஜெயவேலைத் தவிர வேறு யாரிடமும் அவர் அதைப் பழகிப் பார்த்ததில்லை.

ஜெயவேல், தனசேகரனின் மனைவி ஆதிலட்சுமியின் தம்பி. இருவருக்கும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த தறி. ஜெயவேலின் பட்டுப்புடவையில் புட்டாப் பூக்கள் நெருக்கமாக விழுந்துவிட்டால் தனசேகரனுக்கு அன்று சோறு இறங்காது. சர்க்கரை வியாதியும் ஜெயவேலுக்குத்தான் முதலில் வந்தது. தனசேகரன் விடவில்லை, இரண்டே வருடத்தில் எட்டிப் பிடித்துவிட்டார். கண்ணின் விழித்திரையில் கசிவு என்று இருவருக்கும் ஒரே மாதத்தில் லேசர் வைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி விழித்திரையைப் படமெடுத்தார்கள். ஜெயவேல் தன் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு தறிக்கூடத்துக்கே வந்துவிட்டான்.

"மாமா, இத்தப் பாருங்க. லேசர்ல ஆயிரத்து ஐந்நூறு அடி அடிச்சாங்களாம்."

செம்மஞ்சள் வட்டத்தின் ஓரமெங்கும் வெளிறிய பொட்டுகள், இடைவெளி பார்த்து நெருக்கி வைத்தது போல. முப்பது வருடம் புட்டா நெய்த கண் ஒரே பார்வையில் தீர்ப்பு சொன்னது: புடவை உடல் முழுக்க வேலைப்பாடு. தன் படத்தில் ஒரு மூலையில் சில்லறையாய்ச் சில பொட்டுகள், கைக்குட்டைக்கே காணாது.

"ஒரே டாக்டரம்மா. உன் தம்பிக்கு மட்டும் இன்னா ஸ்பெஷலு?" என்று மனைவியிடம் வெடித்தார்.

"கண்ணு தெரிதா இல்லியா, அத்தச் சொல்லுங்க."

"தெரிது. இப்ப அதுவா பேச்சு?"

மறுநாளே வேலூர் பஸ் ஏறினார். லேசர் வைத்த டாக்டர் லிடியாவிடம் மச்சான் போனில் அனுப்பிய படத்தை நீட்டி, "எனக்கும் இப்டியே வைங்கம்மா. மிச்ச இடமெல்லாம் காலியா கெடக்குது" என்றார்.

"காலியா இல்லீங்க, நல்லா இருக்குது. இந்தப் பொட்டு ஒவ்வொண்ணும் சுட்ட தழும்பு. நோய் முத்தினவங்களுக்கு நடுப்பார்வையக் காப்பாத்த ஓரப்பார்வையக் குடுத்துடுவோம். உங்களுக்கு நடுவுல இருந்த வீக்கமும் நானூத்திப் பத்து மைக்ரான்லேர்ந்து இருநூத்தி எழுபதுக்கு வடிஞ்சிடுச்சு. இன்னும் சுட்டா, தறிக்கு ரெண்டு பக்கமும் இருட்டு. பரவால்லியா?"

கண் போனால் தறி போகும். தறி போனால் ஜெயவேலைத் தோற்கடிக்க ஆள் ஏது? தனசேகரன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆரணி வரும்வரை பஸ்ஸில் ஒரே வாக்கியத்தைச் சாணை பிடித்துக்கொண்டே வந்தார்: 'டேய், நீ காட்டிகினு திரியறது புட்டா இல்லடா, தழும்பு.'

கூடத்தில் ஜெயவேல் யாருக்கோ படம் காட்டிக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்க்கத் திரும்பியவன் பக்கத்துத் தூணில் தோளை நச்சென்று இடித்துக்கொண்டான்.

"இந்தத் தூண் எப்ப மாமா வந்துச்சு?"

தூண் அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே நின்றுகொண்டிருந்தது.

சாணை பிடித்து வந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, தனசேகரன் அவன் தோளைத் தேய்த்துவிட்டார். "ஒனக்குத்தான் அடர்த்தி, மச்சான்" என்றார். அன்று சோறு இறங்கவில்லை. "உன் தம்பி ஜெயிச்சிட்டான்" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் காலை அந்தத் தூணில் பளிச்சென்று ஒரு மஞ்சள் துணி சுற்றியிருந்தது. அதைத் தன் படத்துக்காக மாமா கட்டிய மரியாதை என்று ஜெயவேல் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். தன் கையாலேயே கட்டிய துணிக்காகத் தனசேகரன் வயிறெரிந்தார்.