அழிக்கப் பார்த்த ஆறு மணி நேரம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மலேசியாவின் ஜொகூரில், கெலாங் பாத்தாவில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே பகுதி நேரமாகப் பட்டப்படிப்பும் படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் அப்பாக்கள், இங்கேயே வேலை செய்யும் அப்பாக்களைவிடப் பிள்ளையோடு குறைவான நேரம்தான் இருக்கிறார்களா? இதுதான் என் ஆய்வு. என் கணவரும் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறவர். மகள் எழும்போது அவர் இருக்கமாட்டார். அவர் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். பதில் எனக்குத் தெரியும். காகிதத்தில் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு.

எங்கள் பள்ளியில் இரு தரப்பும் சேர்த்துப் பதினேழு அப்பாக்கள்தான் கிடைத்தார்கள். கேள்விப் படிவத்தில் சிங்கப்பூர் அப்பாக்கள் இருபது நிமிடம், அரை மணி என்று எழுதியிருக்க, அவர்களில் ஒருவர் மட்டும் நாளுக்கு ஆறு மணி நேரம் என்று எழுதியிருந்தார். அவரால் சராசரி எகிறி, இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை என்று முடிவு வந்தது. எனக்கு எரிச்சல். விளையாட்டாக எழுதிவிட்டார், தூக்கிவிடலாம் என்று தீர்மானித்துவிட்டு, பேச்சுக்கு ஒரு முறை போன் செய்தேன். தப்பாக இருந்தால் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"சரியாத்தான் எழுதினேன் டீச்சர். கால்ல அடிபட்டு, டாக்டர் குடுத்த எம்சி லீவுல வீட்டுல இருக்கேன். புள்ளைய குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம் நான்தான். அடுத்த மாசம் திரும்ப வேலைக்குப் போயிருவேன் லா. அத அழிச்சிறாதீங்க."

அழிக்கமாட்டேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

உடன் படித்த மலாய்த் தோழியிடம் சொன்னேன். ஆளைத் தூக்காதே, புள்ளியியல் சோதனையை மாற்று என்று சிரித்தாள். ஆட்கள் இவ்வளவு குறைவாக இருந்து, எண்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், சராசரியை நம்பும் சோதனை சரிவராதாம். எல்லாரையும் குறைந்த நேரத்திலிருந்து வரிசையாக நிறுத்தி, யார் எத்தனையாவது என்று மட்டும் பார்க்கும் மான்-விட்னி சோதனையைச் செய்யச் சொன்னாள். அதில் அவர் வரிசையின் கடைசி ஆள், அவ்வளவுதான். மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகமாட்டார்.

அப்படியே செய்தேன். அவரும் இருந்தார், வித்தியாசமும் தெரிந்தது. நான் நினைத்ததே சரி என்று வந்தும் சந்தோஷப்பட முடியவில்லை. வரிசையின் முன்பக்கம் முழுக்க எங்கள் வீட்டைப் போன்ற வீடுகள்.

பொருந்தாத எண்ணைக் கண்டால் இப்போதெல்லாம் முதலில் அந்த ஆளைத்தான் விசாரிக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: காலில் அடிபடாமலே அப்படி ஒரு மாதம் என் கணவருக்கும் மகளுக்கும் கிடைக்காதா என்று அன்று பிடித்த ஏக்கம் இன்றுவரை என்னை விடவில்லை.