ஐம்பது நிமிஷச் சண்டை

ஓவன் கதவைச் சாத்திவிட்டு அண்ணி நேராகக் கூடத்துக்கு வருவார். ஒரு நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, "ம், ஆரம்பிங்க" என்பார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரிப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணாவது, குளியலறை விளக்கு" என்று வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"குளியலறை விளக்க நீ அணைக்கறதே இல்ல."

"அது நான் இல்லீங்க, நீங்கதான்."

அண்ணன் சற்று யோசிப்பார். "ஆமாம், நான்தான். மன்னிச்சுடு. ரெண்டாவது, ஈரத் துண்டு."

நான் இவர்களுக்கு மேல்மாடியில் குடியிருப்பவன், அண்ணனுடன் பிறந்தவன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு அங்கேதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கக் கூடாது என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனிமேல் சொன்னால் தப்பில்லை.

அண்ணிக்கு வேலை தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதிப்பது. ஆலை, கிடங்கு, திரையரங்கு, விடுதி என்று வாரத்தில் மூன்று நாள் ஊர் ஊராகப் போவார். சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, அதன் கழுத்தில் தேதி எழுதிய அட்டையைக் கட்டிவிட்டு வருவார். இருபது வருஷமாக இதே தொழில் என்பதால் வீட்டிலும் கை சும்மா இருக்காது. குளிர்பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு சீஸ் பொட்டலத்திலும் நூலில் ஓர் அட்டை தொங்கும். "சோதித்தது செவ்வாய், அடுத்த சோதனை வெள்ளி." ஒருநாள் நான் அவர்கள் வீட்டுச் சோபாவில் அயர்ந்துவிட்டு எழுந்தபோது என் சட்டைப் பொத்தானில் ஓர் அட்டை இருந்தது. "காலாவதி" என்று எழுதியிருந்தார்.

சீஸ் இல்லாத சமையல் அவர் கணக்கில் பாதிச் சமையல். முட்டையில் சீஸ், ரொட்டியில் சீஸ், குடைமிளகாயின் வயிற்றைக் கீறி அதற்குள்ளும் சீஸ். காய்ச்சல் என்று படுத்த அண்ணனுக்கு ஒருமுறை கஞ்சியில் துருவிப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் மறுநாள் காலையிலேயே எழுந்து வேலைக்குப் போய்விட்டார். "பாத்தீங்களா தம்பி, சீஸுக்கு இருக்கற சக்திய?" என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெளியூர் போகும் பையில் திருகுச்சாவி, அட்டைக்கட்டு, நூல்கண்டு ஆகியவற்றோடு ஒரு துருவியும் இருக்கும். எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் அங்குள்ள சிலிண்டரைத் தூக்கிக் குலுக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். யாரோ அதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார் என்று கடை முதலாளி நினைத்துக்கொள்வார். இருப்பதில் நல்லதாகப் பார்த்து, இல்லாததையும் தேடிப் பிடித்து, தட்டில் கொண்டுவந்து வைப்பார். ஊர் ஊராக அண்ணிக்கு மட்டும் எப்படி அப்படிப்பட்ட சாப்பாடு வாய்க்கிறது என்று நான் வெகுநாள் வியந்திருக்கிறேன். "நான் ஒண்ணும் கேக்கல தம்பி. அவங்களா குடுத்தாங்க" என்பார்.

சாப்பிட்டுக்கொண்டே அண்ணனுக்குத் தொலைபேசியில் வர்ணனை நடக்கும். என்ன நிறம், எத்தனை அடுக்கு, சீஸ் இழுத்தால் எவ்வளவு தூரம் வந்தது, எல்லாம் வரிசையாகச் சொல்வார். நடுநடுவே மென்றுகொள்வார். அண்ணன் கண்ணாடிக் கடையில் கண் பார்த்து அளவு சொல்கிறவர். "இதுல தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதுல தெளிவா இருக்கா?" என்று நாள் முழுவதும் மெல்லிய குரலில் கேட்டுக் கேட்டு, உரக்கப் பேசுவதே மறந்துபோன ஆசாமி. வர்ணனை முடியும்வரை "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு வேர், ஆறு வருஷத்துக்கு முன் அண்ணி ஒரு படகுத்துறையில் சாப்பிட்ட மதியச் சாப்பாடு. துறையை ஒட்டி ஒரு சின்னக் கடை. சமையல்காரர் உருளைக்கிழங்கை வட்டம் வட்டமாக நறுக்கி, பாலும் சீஸுமாக அடுக்கி ஓவனில் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே இரண்டு படகுக்காரர்கள் ஒரு கயிறுக்காகக் கட்டிப் புரண்டார்கள். சமையல்காரர் கரண்டியும் கையுமாக ஓடினார். பின்னாலேயே அண்ணியும் வேடிக்கை பார்க்க ஓடினார். சமையல்காரர் பஞ்சாயத்துப் பண்ணி, தன் பங்குக்கு ஓர் அடியும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது ட்ரே கருகியிருந்தது. கொட்டப் போனவரின் கையைப் பிடித்து அண்ணி நிறுத்தினார். மேலே கரும்பழுப்பில் ஒரு பொருக்கு, உள்ளே குழைவு, ஓரத்தில் ட்ரேயோடு ஒட்டிக் காய்ந்து, கடித்தால் மொடமொடவென்று நொறுங்கும் சீஸ். "அந்த ஓரம் இருக்கே தம்பி, அது சமைச்சது இல்ல. மறந்தது" என்பார் அண்ணி. சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த ஓரத்தை ஒரே ஒருமுறையாவது தன் வீட்டு ஓவனில் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து அவருடைய லட்சியம். இதில் ஒரு சிக்கல் உண்டு. அது மறந்தால்தான் வரும். நெருப்பில் எதையும் மறக்காமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர் அண்ணி. நாற்பது நிமிஷம் ஆனதும் அவர் கால் தானாக அடுப்பங்கரைக்குப் போய்விடும். "ஒரே ஒரு தடவ பாத்துடறேன்" என்று கதவைத் திறப்பார், சூடு போய்விடும், உருளைக்கிழங்கு வெளிறிய முகத்தோடு வெளியே வரும். ஐம்பது நிமிஷத்துக்கு மணி வைத்துப் பார்த்தார், மணிக்கு முன்னால் எழுந்துவிட்டார். கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார், இரண்டாவது படியிலிருந்து திரும்பி ஓடிவந்தார். படுத்துத் தூங்கியும் பார்த்தார். உடம்பு தூங்கியது, மூக்கு தூங்கவில்லை.

"நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா மறந்துடு" என்று அண்ணன் ஒருமுறை முன்வந்தார்.

"நீங்களா? கண்ணாடியப் போட்டுக்கிட்டே கண்ணாடி தேடற ஆளு!"

கடைசியாகத்தான் அண்ணிக்கு அந்த ஞானம் பிறந்தது. படகுத்துறையில் எல்லாரையும் மறக்க வைத்தது எது? சண்டை. அப்படியானால் சமையல் குறிப்பில் விட்டுப்போன பொருள் சண்டைதான். அன்று முதல் அண்ணனுக்கு வேலை வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் குரலை உயர்த்தாத மனுஷர், குறை யோசித்து யோசித்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். சண்டை சூடேற ஏற அவருக்கு மரியாதை கூடிவிடும். "தயவுசெஞ்சு என் பேனாவ எடுக்காதீங்க" என்று பெண்டாட்டிக்கே 'நீங்க' போட்டுவிடுவார். "தம்பி, நீங்களாவது உங்க அண்ணனுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்று அண்ணி என்னிடம் முறையிடுவார். நானும் மேஜையை எப்படித் தட்டுவது என்று தட்டிக் காட்டினேன். அண்ணன் தட்டினார், தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது, உடனே துணி எடுத்துத் துடைத்துவிட்டார். எட்டு மாதம் இப்படியே போயிற்று. வெளிறிய உருளைக்கிழங்கைத் தின்று தீர்த்தது நான்.

போன ஞாயிறு அண்ணி வழக்கம்போல ட்ரேயை உள்ளே தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணன் மூன்றாவது குறைவரை வாசித்தார். நான்காவதில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

"வியாழக்கிழமை போன் பண்ணினியே" என்றார்.

"ஆமாம்."

"துணி மில்லு கேன்டீன்ல ரொட்டிய ரெண்டாப் பொளந்து, உள்ள சீஸ் வச்சு, இஸ்திரிப் பெட்டியால அழுத்திக் குடுத்தாங்கன்னு சொன்னியே."

"ஐயோ, அதச் சாப்பிட்டுப் பாக்கணும்ங்க!"

"நான் அப்ப என்ன சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்னு கேட்டியா?"

"என்ன சாப்பிட்டீங்க?" என்றார் அண்ணி.

"பன்னு. முந்தாநாள் வாங்கின பன்னு. தண்ணியில தொட்டுத் தொட்டுத் தின்னேன். நீ அந்தப் பக்கம் 'ஆஹா'ங்கற, நான் இந்தப் பக்கம் பன்ன நனைக்கறேன்."

அண்ணி மகிழ்ச்சியோடு என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு நல்லாப் பேசறாரு இல்ல தம்பி?" என்றார்.

"நான் சண்டை போடல!" என்று அண்ணன் சத்தம் போட்டார். அந்தக் குரலை நான் கேட்டு முப்பது வருஷம் இருக்கும். சின்ன வயதில் அவருடைய பம்பரத்தை நான் சாக்கடையில் போட்டபோது கேட்டது. "நெசமாவே சொல்றேன். பதினாறு வருஷமா நான் உன் வாயாலதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். எந்த ஊர்ல என்ன கெடைக்கும்னு கேளு, எல்லாம் சொல்றேன். ஒண்ணுகூட என் நாக்குல பட்டதில்ல. 'நீங்களும் வர்றீங்களா'ன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டிருக்கியா?"

"உங்களுக்குத்தான் பஸ்ஸு ஏறினா வாந்தி வருமே!"

"ஒரு தடவ எடுத்தேன். கல்யாணமான புதுசுல, ஒரே ஒரு தடவ!"

"என் மடியில எடுத்தீங்க!"

"அதுக்குப் பதினாறு வருஷத் தண்டனையா?"

நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் போனவன் உருப்பட்டதில்லை. அப்போதுதான் என் மூக்குக்கு அந்த வாசனை வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பது நிமிஷம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அண்ணியின் ஆறு வருஷ உழைப்பு பாழ். சொல்லாவிட்டால் வீடு பாழ். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் துணிமணிகள் மேல்மாடியில் இருந்தன என்பதையும் ஒருகணம் நினைத்துக்கொண்டேன்.

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "தண்டனையா? நான் யாருக்காகங்க ஆறு வருஷமா உருளைக்கெழங்கு நறுக்கறேன்? அந்தப் படகுத்துறையில முதல் வாய் வச்சதுமே அழுகையா வந்துச்சு. இத நீங்க சாப்பிடவே முடியாதேன்னு. பஸ்ஸுல வரவழைக்க முடியாத ஆளுக்கு, அந்த ஊரையே வீட்டுக்குக் கொண்டாந்துடலாம்னுதானே நான் இப்படி…"

அங்கே பேச்சு நின்றது. மூக்கு ஒருமுறை விடைத்தது. மறுநொடி அடுப்பங்கரையில் இருந்தார்.

பின்னாலேயே நாங்களும் ஓடினோம். புகைக்கு நடுவில் அண்ணி ட்ரேயை வெளியே இழுத்து வைத்தார். மேலே கரும்பழுப்பில் பொருக்கு தட்டியிருந்தது. ஓரங்களில் சீஸ் ட்ரேயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பளபளத்தது. அண்ணி சந்தோஷத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. ட்ரேயைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஜன்னலைத் திறந்து காகிதத்தால் புகையை விசிறிக்கொண்டிருந்தார். நான் தட்டோடு முன்னால் போனேன். புறங்கையில் ஓர் அடி விழுந்தது.

"சட்டைய மாத்துங்க" என்றார் அண்ணி.

"யாரு, நானா?" என்றார் அண்ணன்.

"நீங்கதான். பஸ்ஸுக்குப் போறோம்."

"எந்த ஊரு பஸ்ஸு?"

"முதல்ல எது வருதோ அது."

ஓவனை அணைத்துவிட்டு, திரும்பி வந்து அணைத்தாயிற்றா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, அண்ணி ட்ரேயை இரண்டு துண்டுகளில் சுற்றி எடுத்துக்கொண்டார். அண்ணன் சட்டையை மாற்றி, தலை வாரி, முன்னெச்சரிக்கையாக நான்கு பிளாஸ்டிக் பைகளை மடித்து வைத்துக்கொண்டார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நானும் தெருமுனை நிறுத்தம்வரை போனேன். எனக்கு எப்போது சாப்பாடு என்று கேட்டதற்கு, குளிர்பெட்டியில் ரொட்டி இருக்கிறது, தேதி பார்த்துச் சாப்பிடுங்கள் என்று பதில் வந்தது.

பேருந்து வந்தது. எந்த ஊர் என்று பலகையை இருவரும் பார்க்கவில்லை. அண்ணனை ஜன்னலோரம் தள்ளிவிட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, ட்ரேயை மடியில் வைத்துக்கொண்டார். நான் கீழே நின்றபடி ஜன்னல் வழியாகப் பாட்டிலைக் கொடுத்தேன். அண்ணன் வாங்கிக்கொண்டார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அண்ணி துண்டை விலக்கி, கரகரவென்று ஒரு மூலையை உடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஆவி வந்தது. விரல் சுட, அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தார். வண்டி நகரத் தொடங்கியது. அண்ணி கன்னம் உப்ப மூன்று முறை ஊதி, தன் உதட்டில் ஒற்றிச் சூடு பார்த்துவிட்டு, அண்ணனின் வாயில் வைத்தார்.