சைட்லர் வீட்டுத் தேனீக்கள்

எங்கள் ஊர் நியூரம்பெர்க் காட்டின் ஓரம். சைட்லர் யார் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்தக் காலத்தில் பைன் மரத்தில் கயிறு போட்டு ஏறி, பொந்து குடைந்து காட்டுத்தேன் எடுத்தவர்கள். பேரரசருக்குத் தேனை வரியாகக் கட்டினார்கள். பதிலுக்கு வில் ஏந்தும் உரிமையும் தங்களுக்கென்று தனி நீதிமன்றமும் வாங்கினார்கள். செய்த தொழிலே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அப்படியொரு சைட்லர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் என் பக்கத்து வீட்டுத் தபால்காரி ரோஸ்வித்தா. தேனீயைக் கண்டாலே அவளுக்குக் குலை நடுங்கும். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் கோல்ப் என்ற பிறந்தவீட்டுப் பெயரை விடவில்லை.

"சைட்லர்னு பேர வச்சுக்கிட்டுத் தேனீயப் பாத்து ஓடினா ஊரே சிரிக்காதா?" என்பாள். எப்படியும் சிரித்தோம். நானும்தான், என் வாய் சும்மா இருக்காது.

போன ஏப்ரலில் அவள் கணவர் ஓட்மார் மாரடைப்பில் போய்விட்டார். தோட்டத்தில் அவர் வளர்த்த தேனீப்பெட்டிகள் பன்னிரண்டு. வீட்டுக்காரர் செத்தால், அடக்கத்துக்கு முன் ஒருவர் பெட்டி பெட்டியாகத் தட்டிச் சேதி சொல்லி, இனி யார் பொறுப்பு என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தேனீ தங்காது என்பது எங்கள் வழக்கம்.

அடக்கத்தன்று காலையிலேயே கொழுந்தன் கெர்னோட் வண்டியோடும் கயிற்றோடும் வந்து நின்றான்.

"அண்ணி, நானே சொல்லிட்டு ஏத்திக்கிட்டுப் போறேன். சைட்லர் ரத்தத்துக்குத்தான் இதுங்க அடங்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனை இன்னும் குழியில் இறக்கவில்லை, அதற்குள் இவனுக்கு என்ன அவசரம்!

"இதுங்களும் போயிட்டா அவரோடதுன்னு இந்த வீட்ல என்ன மிஞ்சும்?" என்றாள் ரோஸ்வித்தா. முகவலைகூடப் போடாமல் கறுப்பு உடையோடு நடந்தாள். முதல் பெட்டியைத் தட்டினாள்.

"ஓட்மார் செத்துட்டாரு. இனிமே நான்தான், ரோஸ்வித்தா சைட்லர். போயிடாதீங்க."

ஏழாவது பெட்டியில் ஒரு தேனீ அவள் மணிக்கட்டில் கொட்டிவிட்டது.

"ஐயோ, ஓடி வந்துருடி!" என்று கத்தினேன்.

அவள் அசையவில்லை. மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதபடியே பன்னிரண்டு பெட்டிக்கும் சொல்லி முடித்தாள். இவளையா கேலி செய்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கெர்னோட் கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டான். வீங்கிய கையைப் பார்த்தபடி தயங்கி நின்றான்.

"அடுத்த வாரம் நல்ல வெயில் அடிச்சதும் பெட்டியத் திறந்து பாக்கணும் அண்ணி. ஒத்தாசைக்கு வரட்டுமா?"

"வா. ஆனா திறக்கறது நான்தான்."