அரை மணிக்கு ஒரு சட்டைச் செய்தி

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவு அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று தெரியவேண்டுமானால் மேலிருந்து இறங்கி வருகிறவர்களின் தலைமுடியைப் பார்க்கவேண்டும். ஆனால் உலகத்தின் எந்த மூலையில் வெள்ளம், எங்கே தேர்தல், எந்த இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன என்பதெல்லாம் அங்கே இஸ்திரி போடும் பெண்ணுக்கு அத்துப்படி. அவளை எல்லோரும் செய்தி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

எல்லாம் ஒரு டிவியால் வந்த வினை. மேலே ஏதோ ஓர் அறையில் மூலை விரிசல் விட்ட டிவியை, தூக்கிப்போட மனசு வராமல் இஸ்திரி மேசைக்கு எதிரே மாட்டிவிட்டுப் போனார்கள். ரிமோட் இல்லை. வந்தது ஒரே சேனல், இருபத்துநாலு மணி நேரமும் ஆங்கிலத்தில் உலகச் செய்தி. சலவை மிஷின்கள் போடும் சத்தத்தில் காதில் எதுவும் விழாது. அடியில் ஓடும் வரியைத்தான் அவள் படித்தாள். ஒன்பதாம் வகுப்போடு நின்ற படிப்பு எழுத்துக்கூட்டப் போதுமானதாக இருந்தது.

பொருள் கண்டுபிடிக்க அவள் ஒரு முறை வைத்திருந்தாள். ஒரு வார்த்தை மூன்று வெவ்வேறு நாட்டுச் செய்தியில் வந்தால்தான் கணக்கு. மூன்று இடத்திலும் ஜனங்கள் மூட்டையோடு ஓடினால், அந்த வார்த்தைக்கு வெளியேறுவது என்று அர்த்தம். அப்போதுதான் பழைய சலவைச் சீட்டின் முதுகில் எழுதி ஊக்கு குத்தி வைப்பாள்.

“டிவியில பார்க்கிறதுதானே அக்கா, அப்படியே எழுதிக்க வேண்டியதுதானே?” என்று மிஷின்காரர் கேட்பார்.

“ஒரே இடத்துல பார்த்துட்டு நம்பலாமா? உறுதியாகணும் தம்பி.”

பதினோரு வருஷத்தில் ஊக்குகள் மட்டுமே ஒரு டப்பா சேர்ந்துவிட்டன. பேச்சுவார்த்தை, முற்றுகை, இழுபறி, போர்நிறுத்தம் எல்லாம் ஆங்கிலத்தில் தெரியும். கரண்டிக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டால் முழிப்பாள், எந்த நாட்டுச் செய்தியிலும் கரண்டி வருவதில்லையே. வீட்டில் சண்டை வந்தால், பஸ் ஓட்டும் கணவர் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சமையலறை வாசலில் நின்று, “சீஸ்ஃபயர் உண்டா, இல்ல நான் வெளியில சாப்பிட்டுக்கவா?” என்று கேட்பார். அவள் சிரித்துவிட்டால் சோறு விழும்.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்ததை அவள் கால்கள் கெடுத்தன. பதினோரு வருஷம் நின்றதில் கெண்டைக்கால் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்துவிட்டன. “இன்னும் ரெண்டு மாசம் நின்னீங்கன்னா அப்புறம் நடக்கவே கஷ்டமாயிடும்” என்றார் டாக்டர். சலவைப் பிரிவில் மொத்தமே ஒரு நாற்காலிதான். விருந்தினரின் புகார்களைக் கேட்கும் தொலைபேசிக்கு முன்னால் இருந்தது அது. அதில் உட்கார்ந்திருந்த பெண் வேலையை விட்டுப் போகவே, அந்த இடம் காலியானது. ஆனால் ஆங்கிலம் பேசவேண்டும். நாற்காலி கிடைத்தால் வேலை, இல்லையென்றால் வீடு. நடுவில் எதுவும் இல்லை.

அந்த இடத்துக்கு ரிசப்ஷன்காரி ஒருத்தியும் போட்டி போட்டதால், மேலாளர் அம்மா ஆளுக்கு ஒரு நாள் பேசவிட்டுப் பார்த்தார். முதல் நாள் ரிசப்ஷன்காரி வந்து பேசிக் காட்டிவிட்டுப் போனாள். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு விருந்தினரிடம், துணி ஐந்து நிமிடத்தில் வருகிறது என்று குழைந்து சொன்னாள். துணி அப்போது மிஷினில் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு செய்தி அக்காவின் முறை. மேலாளர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். அக்கா பக்கத்தில் நின்றாள். மணி அடித்தது. நானூற்றுப் பன்னிரண்டாம் அறை. அவருடைய நீலச் சட்டையைக் காணோம், மதியம் இரண்டு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போகவேண்டுமாம். குரலில் நெருப்பு பறந்தது.

அக்கா வாயைத் திறந்தாள். வந்த ஆங்கிலம் தமிழில் இப்படி இருக்கும்: “நீலச் சட்டை காணாமல் போனதாகத் தகவல் கிடைத்துள்ளது. சட்டையின் தற்போதைய நிலை தெரியவில்லை. தேடுதல் பணி தொடங்கியுள்ளது. அடுத்த செய்தி பத்து மணிக்கு.”

மேலாளர் தலையில் கைவைத்தார்.

“என்னம்மா இது? இதோ வருதுன்னு சொல்லக் கூடாதா?”

“எங்க இருக்குன்னே தெரியல மேடம். எப்படிச் சொல்றது?”

தேடினார்கள். மிஷின்களைக் காலி செய்து, கூடைகளைக் கவிழ்த்து, அலமாரிக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினார்கள். பத்து மணி அடித்ததும் அக்கா தானே அந்த அறையைக் கூப்பிட்டாள். இன்னும் கிடைக்கவில்லை, மூன்று மிஷின்கள் சோதிக்கப்பட்டன, தேடுதல் தொடர்கிறது. அந்த மனிதர் இந்த முறை கத்தவில்லை. சரி என்றார்.

பிறகுதான் மிஷின்காரருக்குப் பொறி தட்டியது. ஹோட்டல் டிரைவர்களின் சீருடையும் அதே நீலம். “காலையில நம்ம டிரைவர், என்னப்பா இன்னைக்குச் சட்டை பட்டு மாதிரி இருக்குன்னு தடவிப் பார்த்துட்டுப் போனாரு அக்கா!” அக்கா நம்பிவிடவில்லை. டிரைவரையே போனில் பிடித்து, கழுத்துப் பட்டையில் கம்பெனிப் பெயரைப் படிக்கச் சொன்னாள். அவர் படித்த பெயரும் சலவைச் சீட்டில் எழுதியிருந்த பெயரும் ஒன்றாக இருந்தன. உறுதியாயிற்று.

பத்தரை மணிச் செய்தி: “சட்டை கண்டுபிடிக்கப்பட்டது. எங்கள் டிரைவர் அணிந்திருக்கிறார். இருவரும் இப்போது விமான நிலையத்திலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். சட்டைக்குக் காயம் இல்லை. நிர்வாகம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது.”

மேலாளர் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். ஸ்பீக்கரில் முதலில் ஒரு இருமல் கேட்டது. அப்புறம் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பதினோரு மணிக்கு சட்டை துவைத்து முடிந்து, உலர்த்தும் மிஷினுக்குள் இருந்தது. டிரைவர் பனியனோடு ஒரு கூடையின் மேல் உட்கார்ந்து தன் விதியை நொந்துகொண்டிருந்தார். அந்தச் செய்தியும் போயிற்று. சட்டை காய்ந்து வந்ததும் அக்கா தன் மேசையில் போட்டு, கால் வலி தெறிக்கத் தெறிக்க, கைமடிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்தாள். பதினொன்றரைக்கு அது நானூற்றுப் பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மேலாளர் பிடித்துக்கொண்டார். “டிரைவர் போட்டிருக்காருன்னு விருந்தாளிகிட்ட யாராவது சொல்வாங்களா? ஹோட்டல் மானமே போச்சு.”

“நடந்ததைத்தானே மேடம் சொன்னேன்.”

“அந்த ரிசப்ஷன் பொண்ணு எவ்வளவு அழகாப் பேசினா தெரியுமா?”

அழகாகப் பேச அக்காவுக்குத் தெரியாதுதான். அந்த டிவி அவளுக்குக் கெஞ்சலும் கொஞ்சலும் சொல்லித்தரவில்லை. வேலை போயிற்று என்றே முடிவு கட்டி, நாளை முதல் வீட்டில் பொழுது எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே மேசைக்குத் திரும்பினாள். ஒரு தலையணை உறையை இரண்டு தடவை தேய்த்தாள்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மேலாளர் எடுத்தார், கேட்டார், முகம் ஒரு மாதிரியாயிற்று. மறுபடி கேட்டார். பிறகு ரிசீவரை நீட்டினார்.

“நானூத்திப் பன்னெண்டு. மணி பன்னெண்டு ஆச்சாம், இன்னும் செய்தி வரலையேன்னு கேக்குறாரு.” அவர் குரலில் சிரிப்பு முட்டியது. “எத்தனையோ ஹோட்டல்ல தங்கியிருக்காராம். தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தானாம். இனிமே இந்த போனை நீங்கதான் எடுக்கணுமாம்.”

அக்கா தயங்கித் தயங்கி வந்து ரிசீவரை வாங்கினாள். மேலாளர் எழுந்து, நாற்காலியை அவள் பக்கமாகத் தள்ளினார்.

“உட்கார்ந்து பேசுங்க. நாளையிலேர்ந்து இங்கதானே உட்காரப் போறீங்க.”

அவள் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் முதல் தடவை. கெண்டைக்கால்கள் இரண்டும் தளர்ந்தன. அழுகை வந்தது, துடைத்துக்கொண்டாள். சட்டை பத்திரமாகச் சேர்ந்துவிட்டது, எல்லாப் பகுதிகளிலும் அமைதி நிலவுகிறது, செய்திகள் இத்துடன் முடிந்தன என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். எழுந்திருக்கவில்லை.