ஆயுத பூஜையன்று திருப்பூரில் பார்த்த ஜப்பான் பேய்ப்படம்

பேய்ப்படம் பார்க்க யாராவது திருப்பூர் போவார்களா என்று சிரிக்காதீர்கள். நான் போனது செல்வி அக்காவை வளைகாப்புக்கு அழைத்து வர. தொண்ணூறுகளின் தொடக்கம், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். கோவில்பட்டியில் ஏறி, மதுரையில் பஸ் மாறி, தாராபுரம் வழியாகப் போனேன். மதுரையிலிருந்து ஐந்து மணி நேரம். தாராபுரம் தாண்டினால் ஜன்னலோர சீட் வேண்டாம்; காற்று கண்ணைத் திறக்க விடாது.

திருப்பூர் ராயபுரத்தில் அக்காவுக்கு ஒற்றை அறை வீடு. அக்காவைப் பார்த்ததும் பகீரென்றது. ஏழு மாத வயிறு, மற்றபடி எலும்புதான். உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே தைத்துக்கொண்டிருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அக்கா, அத்தான் இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அவளை ஊருக்கு அனுப்பக் கேட்டால் அத்தான் பிடிகொடுக்கவே இல்லை.

"ஷிப்மெண்ட் முடியட்டும் மாப்ள. அவ தைக்க வேண்டிய பண்டல் பாக்கி கெடக்குல்லா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் கம்பெனியில் பூஜை; அவர்களோடு நானும் போனேன். மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பூஜை போட்ட மிஷினை மறுநாள் காலை வரை யாரும் தொடமாட்டார்கள். பொரி, சுண்டல் முடிந்ததும், வாடகை வீடியோ டெக்கில் படம் போடுவது அங்கே வழக்கம். அந்த வருடம் பனியன் வாங்க வந்த ஜப்பான்காரப் பையர் ஒருவர் முதலாளிக்குக் கொடுத்த கேசட் கிடைத்தது. பேக்கிங் அறை ஜன்னல்களைத் துணியால் மூடினார்கள். பட்டப்பகல் இருண்டது.

அவர்கள் ஊர்ப் பழங்கதை. ஒருவன் அடிபட்ட நாரையைக் காப்பாற்றுகிறான். அதுவே பெண்ணாக வந்து அவனைக் கட்டிக்கொள்கிறது. யாருக்கும் மொழி புரியவில்லை. கான்ட்ராக்டர் பழனிச்சாமி அண்ணன் புரிந்தவர்போல எடுத்துவிட்டார்.

"நான் நெய்யறப்ப கதவத் தொறந்துபோடாதீங்கன்னு அந்தப் புள்ள சொல்லுதுங்க."

துணி நல்ல விலைக்குப் போகிறது. புருஷன் இன்னொன்று கேட்கிறான், பிறகு இன்னொன்று. அவள் ஒவ்வொரு முறையும் இளைத்து வெளியே வருகிறாள். கடைசியில் அவன் கதவைத் திறக்கிறான். உள்ளே தறியில் ஒரு நாரை. தன் இறகைத் தானே பிடுங்கி நெய்துகொண்டிருக்கிறது. பார்த்ததும் பறந்துவிடுகிறது. அறையில் பொரி மெல்லும் சத்தம்கூட இல்லை.

டி.வி.யை அணைத்தார்கள். அப்போதுதான் அது கேட்டது. மூடிய கதவுக்கு அப்பால், தையல் ஹாலில், ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பூச போட்ட மிசினுங்க! ஆரு ஓட்டறது?" பழனிச்சாமி அண்ணன் எழுந்துவிட்டார். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் திரும்பினேன். அக்கா உட்கார்ந்திருந்த இடம் காலி.

அத்தான் கதவுவரை ஓடினார். கை வைக்கப் போய், நின்றுவிட்டார்.

"தொறங்க அத்தான்!"

"தொறந்தா போயிருவா மாப்ள." முகம் வெளிறியிருந்தது. அவர் விளையாடவில்லை.

சத்தம் நிற்கவில்லை. அவர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "செல்வி, போதும்மா. பண்டல் கெடக்கட்டும். நீ ஊருக்குப் போ" என்றார். அழுதார்.

மிஷின் நின்றது. கதவை அக்காவேதான் திறந்தாள். முடியெல்லாம் பஞ்சுத் தூசி. "மிச்சத்த முடிச்சா விடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

பனியன் வாங்கத் திருப்பூர் போகிறவர்களுக்கு: ஆயுத பூஜை வாரத்தில் கடைகள் பாதி மூடியிருக்கும், திரும்பும் பஸ்ஸில் இடமும் கிடைக்காது, முதல் நாளே ரிசர்வ் செய்யுங்கள். கர்ப்பிணியோடு போனால் டிரைவருக்குப் பின்சீட்டைக் கேளுங்கள், குலுக்கல் குறைவு. பேய் இருக்கிறதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

அன்றைக்கே கிளம்பினோம். அக்கா என் தோளில் தூங்கிப்போனாள். சின்னக் குழந்தை அளவுக்குத்தான் கனம். அவள் தலையிலிருந்து வெள்ளைப் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வழியாக விட்டேன். மதுரை வந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது.